வாலில்லாத விலாசம்

ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுக்குக் கடிதம் வருவதற்கு வீட்டு இலக்கம் என்றுமே தேவைப்பட்டதில்லை. பெயரை எழுதி, 'தான்தோன்றீஸ்வரர் கோயிலடி, ஒட்டுசுட்டான்' என்று எழுதினால் போதும். கூரை ஓலையாக இருந்தபோதும் அதே விலாசம். ஓடு போட்ட பிறகும் அதே விலாசம். 2009 இன் தொடக்கத்தில் ஊரே வெறுமையாகி, பின்னர் திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டு இருந்தபோதும் அதே விலாசம். 'ஓலைக் கூரை வீடு' என்று எவராவது விலாசத்திற் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்திருந்தால், ஓடு போட்ட அன்றைக்கே கடிதங்கள் திரும்பிப் போயிருக்கும். கூரை எதனால் வேயப்பட்டது என்பது வீட்டுக்காரனின் கவலை. கடிதம் எழுதுபவனுக்கு அது எதற்கு?

எங்கள் தபாற்காரருக்குத் தெரிந்த இந்த உண்மை, தமிழ் இணையத்தளங்களை நடத்தும் பெரும்பாலானோருக்கு இன்னும் தெரியவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. அவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கடந்த மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். எழுபதைத் தாண்டியவர். பொலித்தீன் பையொன்றிலிருந்து பாடசாலைக் கொப்பித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நீல மையில், சிறுவன் ஒருவனின் கையெழுத்தில், ஓர் இணைய முகவரி. பத்திரிகையின் பெயர், ஒரு சாய்கோடு, 'நியூஸ்', ஒரு புள்ளி, 'ஏ.எஸ்.பி.', ஒரு கேள்விக்குறி, 'ஐ.டி.', சமக்குறி, ஐந்து இலக்கங்கள்.

"தம்பி, நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள்தானே. இதிலை என்ரை மகன்ரை படம் இருந்தது. கனடாவிலை இருக்கிற தங்கச்சியின்ரை பிள்ளை கண்டு சொன்னவன். இப்ப அடிச்சால் ஒண்டும் வருகுதில்லையாம். இருந்ததெண்டு எழுதித் தருவீங்களோ?"

2009 ஏப்ரல் இறுதியில், செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள் வரிசையில் நிற்கும் படம் அது. அந்த வரிசையில் நாலாவதாக நிற்பவன் தன் மகன் என்பது அவரது உறுதி. உண்மையோ, தாய் மனத்தின் மயக்கமோ, நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவனாக இருந்தால், அவன் உயிருடன் முகாம் வரைக்கும் வந்தான் என்பதற்கு உலகில் இருந்த ஒரே சாட்சி அந்தப் படம்தான். அச்சுப் பதிப்பில் அது வரவில்லை. இணையப் பதிப்பில் மட்டும் வந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்த அம்மா காத்து வைத்திருந்தது படத்தை அன்று, படத்தின் விலாசத்தை. எந்த விசாரணைக்குப் போனாலும் அந்தத் தாளையே காட்டியிருக்கிறார்.

அந்தப் பத்திரிகையில் நான் வேலை செய்தேன். 2014 இல் இணையத்தளத்தைப் புதுப்பித்தபோது கூட்டத்தில் நானும் இருந்தேன். எழுத்துரு அழகாக இருக்கிறது என்றேன். தலைப்புப் பட்டையின் சிவப்பு கண்ணைக் குத்துகிறது என்றேன். 'பழைய முகவரிகள் என்னவாகும்?' என்ற ஒரு கேள்வியை நானோ வேறெவருமோ கேட்கவில்லை. பழைய தளம் 'ஏ.எஸ்.பி.' என்ற நுட்பத்தில் இயங்கியது, புதியது 'பி.எச்.பி.' இல் இயங்கியது. ஓர் இரவில் ஆயிரக்கணக்கான செய்திகளின் வால் மாறியது. மறுநாள் காலை, உலகில் எங்கெங்கோ எழுதி வைக்கப்பட்டிருந்த பழைய முகவரிகள் அனைத்தும் 'நானூற்று நான்கு' என்ற ஒற்றை இலக்கத்துக்குள் புதைந்தன.

தொழில்நுட்பப் பிரிவினரிடம் கேட்டேன். "பழைய டிஸ்க்கிலை கிடக்கலாம் அண்ணை, ஆனால் எந்த இலக்கம் எந்தச் செய்தியெண்டு இப்ப ஆருக்கும் தெரியாது" என்றார்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபக் மெசின்' பக்கத்திலும் தேடினேன். செய்தியின் எழுத்து சேமிக்கப்பட்டிருந்தது. படம் இருந்த இடத்தில் ஒரு வெற்றுச் சதுரம்.

வாசகர்களே, இனி இது தொழில்நுட்பக்காரரின் விடயம் என்று என்னிடம் எவரும் சொல்ல வேண்டாம்.

*

ஒரு முகவரியின் இறுதியில் 'டொட் பி.எச்.பி.', 'டொட் ஏ.எஸ்.பி.', 'டொட் எச்.ரி.எம்.எல்.' என்று தொங்கும் வால் வாசகனுக்கு எதைச் சொல்கிறது? எதையும் சொல்வதில்லை. அது கூரையின் செய்தி. உள்ளே எந்த மென்பொருள் இருக்கிறது என்பதை வெளியே பலகை எழுதித் தொங்கவிடுவது. மென்பொருளோ ஓலையைவிட விரைவாக உக்கும். 1990களின் இறுதியில் பி.எச்.பி. பக்கங்கள் பல 'பி.எச்.பி. 3' என்ற வாலோடு இருந்தன. 2000 இல் நான்காம் பதிப்பு வந்ததும் அந்த மூன்று அசட்டுத்தனமாயிற்று. மைக்ரோசொவ்றின் 'ஏ.எஸ்.பி.' 2002 இல் 'ஏ.எஸ்.பி.எக்ஸ்.' ஆயிற்று. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், வாலை நம்பி எழுதப்பட்ட சுட்டிகள் செத்தன.

உலகளாவிய வலையை ஆக்கிய ரிம் பேர்னர்ஸ் லீ 1998 இலேயே இதை எச்சரித்து எழுதினார். முகவரி தானாக மாறுவதில்லை, மனிதரே அதை மாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம். இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமன்றி, இருபது, இருநூறு ஆண்டுகளுக்கும் நிற்கக்கூடிய முகவரியை வழங்குவது தளத்தை நடத்துபவரின் கடமை என்றார். முகவரியில் எவையெல்லாம் இருக்கக்கூடாது என்று அவர் சொன்னவற்றுள் எழுதியவர் பெயர், பொருட்பகுப்பு, வட்டின் பெயர் என்பவற்றோடு கோப்பின் வாலும் அடக்கம்.

வாலை நீக்குவதற்கு மந்திரம் வேண்டியதில்லை. உலகின் இணைய வழங்கிகளில் பெரும்பகுதியை நெடுங்காலம் இயக்கிய அப்பாச்சி மென்பொருளுக்கு 'மொட் ரீரைட்' என்ற கூறை 1996 இல் ரால்வ் எங்கெல்ஷால் என்ற ஜேர்மானியர் எழுதினார்; அடுத்த ஆண்டு அதை அப்பாச்சிக் குழுவுக்கே கொடுத்துவிட்டார். அதாவது எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிற் பல இணையத்துக்கு வருமுன்னரே மருந்து கடைக்கு வந்துவிட்டது.

அது வேலை செய்யும் முறையைத் தபாற்கந்தோரை வைத்தே சொல்லலாம். 1998 இறுதியில் இராணுவம் ஒட்டுசுட்டானுக்குள் வந்தபோது நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம் இடம்பெயர்ந்தோம். கொழும்பிலிருந்து நண்பன் பழைய விலாசத்துக்கே எழுதினான். தபாலதிபர் உறையில் இருந்த ஊர்ப் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதிய இடத்தை எழுதி அனுப்பினார். கடிதம் பிந்தி வந்தது, ஆனால் வந்தது. அந்த ஒற்றைக் கோடுதான் மீளெழுதும் விதி.

வழங்கியின் அடைவில் 'எச்.ரி.அக்செஸ்' என்ற சிறு கோப்பு இருக்கும். அதில் முதல் வரி, மீளெழுதும் பொறியை இயக்கு என்கிறது. அடுத்த வரி, வாசகர் கேட்ட பெயரில் மெய்யான கோப்போ அடைவோ இல்லையென்றால் மட்டும் கீழ்வருவதைச் செய் என்கிறது. மூன்றாம் வரி, அப்பெயரின் முடிவில் உள்ளே 'டொட் பி.எச்.பி.' என்பதைச் சேர்த்து அக்கோப்பை எடுத்துக் கொடு என்கிறது. வாசகர் 'செய்தி சாய்கோடு வெள்ளம்' என்று கேட்கிறார். வழங்கி உள்ளுக்குள் வாலை ஒட்டித் தேடிக் கொடுக்கிறது. வாசகரின் கண்ணுக்கு வால் தெரிவதில்லை. நாளைக்கு மென்பொருள் மாறினால் மாற்ற வேண்டியது அந்த மூன்றாம் வரியை மட்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதுதான் அறம். எவராவது பழைய வாலோடு கேட்டு வந்தால், 'முந்நூற்றொன்று' என்ற நிலைக்குறியோடு, இது நிரந்தரமாக இங்கே மாறிவிட்டது என்று புதிய முகவரிக்கு அனுப்பிவிடு. தபாலதிபரின் கோடு இதுவே. வாலை நீக்கிவிட்டு இந்த நான்காவதைச் செய்யாதவன் வீட்டை அழகாக்கிவிட்டு வீதியை மூடியவன்.

செய்கிறவர்கள் இடறும் இடங்களும் உண்டு. வாலை ஒட்டும் விதியும் வாலை வெட்டும் விதியும் ஒன்றையொன்று துரத்தினால் வழங்கி முடிவின்றிச் சுழன்று வாசகரிடம் பிழை காட்டும். உலாவி முதலில் அனுப்பிய கோரிக்கை வரியில் வால் இருந்ததா என்று பார்த்து மட்டும் வெட்டினால் அந்தச் சுழல் வராது. இரண்டாவது, எங்கள் பத்திரிகைக்கு நேர்ந்தது. கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதி மீளெழுதும் விதியின் கண்ணிற் படாது. அதற்குத் தனி நிபந்தனை எழுத வேண்டும். பழைய இலக்கமும் புதிய இலக்கமும் வேறாயின் எது எதுவென்ற அட்டவணையைத் தயாரித்து வழங்கியின் முதன்மை அமைப்பிற் சேர்க்க வேண்டும், சாதாரண எச்.ரி.அக்செஸ் கோப்பில் அதைச் சேர்க்க முடியாது. தரவுகளைப் பெயர்க்கும்போதே அந்த அட்டவணையைச் சேமித்திருந்தால் அரைநாள் வேலை. பத்தாண்டு கழித்துத் தேடினால், 'ஆருக்கும் தெரியாது.'

*

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

'வால் இருந்தாலும் நிலைத்து நிற்கும் தளங்கள் இல்லையா?' என்று ஒருவர் கேட்பார். உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இலக்கமிட்ட கோப்புகளாக, எச்.ரி.எம்.எல். வாலோடுதான் இருக்கின்றன. தமிழ்நெற் தளம் கட்டுரை இலக்கத்தை முகவரியில் வைத்து நடத்தியது. ஆய்வாளர்களின் அடிக்குறிப்புகளில் அம்முகவரிகள் நிறைந்திருக்கின்றன. அவர்களை வணங்குகிறேன். அங்கே காத்தது வாலன்று, காத்தவர்களின் பிடிவாதம். தன்னார்வலர் சிலரின் பிடிவாதத்தை, அடுத்த ஆண்டு எந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுப்பது என்று பார்க்கும் பத்திரிகை நிர்வாகத்திடம் எதிர்பார்க்கலாமா? பிடிவாதம் இல்லாத இடத்தில் ஒழுங்கான விதியாவது இருக்கட்டும் என்கிறேன்.

'வாலை மறைத்தால் ஊடுருவிகளிடமிருந்து பாதுகாப்பு' என்று சில விற்பனையாளர் சொல்வார்கள். இது ஏமாற்று. எந்த மென்பொருள் இயங்குகிறது என்பதை வழங்கியின் பதில் தலைப்பும் பக்கத்தின் அமைப்பும் வேறு வழிகளிற் காட்டிக் கொடுக்கும். கதவைப் பூட்டாமல் வீட்டுப் பலகையைக் கழற்றுவது பாதுகாப்பாகாது. 'கூகிளில் முதலில் வரும்' என்பது இன்னொரு வியாபாரம். நீளமான கேள்விக்குறி முகவரிகளையும் தன்னால் வாசிக்க முடியும் என்றும், பிழையாக மீளெழுதுவதைவிட இருந்தபடியே விடுவது மேல் என்றும் கூகிளே 2008 செப்டெம்பரில் எழுதியது. வாலை அறுக்கச் சொல்வது தேடுபொறிக்காக அன்று. கொப்பித் தாளில் எழுதி வைத்திருப்பவர்களுக்காக.

'எங்களிடம் பணமில்லை, ஆளில்லை' என்பது மூன்றாவது. இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் அரச இணையத்தளங்கள் பலவற்றின் முகவரியைப் பாருங்கள்: நடுவே 'இன்டெக்ஸ் டொட் பி.எச்.பி.' என்று ஒரு முடிச்சு, அதன் பின் தமிழைக் குறிக்கும் 'ரி.ஏ.' என்ற ஈரெழுத்து. 2005 இல் வெளிவந்த யூம்லா என்ற இலவச மென்பொருளால் ஆன தளங்களில் இந்த முடிச்சைக் காணலாம். அதை அவிழ்ப்பதற்குத் தேவையான விதிகளை யூம்லா தன்னோடு எழுதியே தருகிறது. அந்தக் கோப்பு 'எச்.ரி.அக்செஸ் டொட் ரி.எக்ஸ்.ரி.' என்ற பெயரில் உள்ளே கிடக்கிறது. அதன் பெயரை மாற்றி, அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை 'ஆம்' என்று ஆக்கினால் முடிந்தது. வேர்ட்பிரஸோ இன்னும் ஒரு படி மேல். நிலைச்சுட்டி அமைப்பை மாற்றினால் விதியைத் தானே எழுதிக்கொள்ளும். ஒரு கோப்பின் பெயரை மாற்ற எத்தனை இலட்சம் வேண்டும்?

நல்ல முன்மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்ப் பக்கத்தின் முகவரி 'விக்கி' என்ற ஒரு சொல்லும் அதன் பின் 'ஒட்டுசுட்டான்' என்ற தமிழ்ப் பெயருமே. அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் எங்கள் நூலகம் தளத்தின் முகவரியில் 'இன்டெக்ஸ் டொட் பி.எச்.பி.' இருக்கிறது. நூலகத்தார் மீது எனக்குக் குறையில்லை. 2005 தொடக்கம் அவர்கள் செய்துவரும் பணிக்கு ஈழத்தமிழ்ச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் இதழுக்கும் நூலக எண் கொடுக்கிறார்கள். மென்பொருள் மாறினாலும் மாறாத அடையாளம் அது. ஒருநாள் அந்த முடிச்சை அவிழ்க்க நினைத்தால், பழைய முகவரிக்கு வருபவர்களையும் மறவாமல் அழைத்துச் செல்லுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. தமிழில் எழுதிய முகவரி உலாவியில் அழகாகத் தெரியும்; பிரதி செய்து மின்னஞ்சலில் ஒட்டினால் பல வேளைகளில் விழுக்காட்டுக் குறிகளின் சங்கிலியாக மாறிவிடும். ஒருங்குறியில் 'ஒட்டுசுட்டான்' என்பது மெய்ப்புள்ளிகளும் உயிர்க்குறிகளும் சேர்ந்து 13 குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைற்று. ஒவ்வொரு பைற்றும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து. ஆக எங்கள் ஊரின் பெயர் 117 எழுத்துகளாக நீள்கிறது! எந்தச் சிறுவன் அதைக் கொப்பித் தாளில் எழுதுவான்? ஆங்கில எழுத்திலோ ஒட்டுசுட்டானை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். எனவே செய்தித்தளங்களுக்கு நான் சொல்வது இது: ஆண்டு, மாதம், ஒரு சிறிய இலக்கம். இவை மாறுவதில்லை. தமிழ்ப் பெயரை விரும்பினால் இலக்கத்துக்குப் பின்னால் அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் அறுந்து போனாலும் இலக்கம் வழி காட்டும்படி விதியை எழுதுங்கள்.

*

இது தமிழரின் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013 இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் அணுக முடியாதவையாகிவிட்டன. அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிற் சுட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, குறித்த செய்தியைக் காட்டவில்லை என்று ஹாவார்ட் சட்டப் பேராசிரியர்கள் அதற்கும் முன்னரே கண்டறிந்தார்கள். ஆனால் அவர்களிடம் அச்சுப் படி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, பொதியிடப்பட்ட கோப்பறைகள் இருக்கின்றன. வன்னியில் எங்களிடம் என்ன இருக்கிறது? வீட்டுப் பத்திரங்கள் பதுங்குகுழிக்குள் நனைந்தன. பிறப்புச் சான்றிதழ்கள் வழியிற் கிடந்தன. அக்காலத்தைப் பற்றி எஞ்சியிருக்கும் சாட்சியத்திற் பெரும்பகுதி இணையத்தில் மட்டுமே இருக்கிறது. அதற்குப் போகும் வழியை நாங்களே வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களை நாங்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று தொகையும் சொல்கிறோம். அது வேண்டியதே. ஆனால் புத்தகம் எல்லாம் அப்படியே இருக்க, பட்டியல் அட்டைகளை மாத்திரம் அள்ளிக் குப்பையில் எறிந்த ஒரு நூலகரை என்ன செய்வோம்? தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைக் கைவிடும் ஒவ்வோர் ஆசிரியரும் செய்வது அதுதான். தீ வைக்க எவரும் வரவில்லை. புதிய எழுத்துருவைக் கண்டு கைதட்டிக்கொண்டு நாங்களே செய்தோம்.

எங்கள் ஊருக்கு அருகே கற்சிலைமடுவில், 1803 ஒக்ரோபர் 31 இல் இவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் ஒரு கல் நட்டார்கள். நட்டவர்கள் வென்றவர்கள், எங்களுக்காக நடவில்லை. ஆயினும் இடத்தையும் நாளையும் எழுதினார்கள். இடம் தெரிந்ததால், தோற்றவனின் கதையைச் சொல்ல விரும்பியவர்களும் அங்கேயே வந்து நின்றார்கள். எதிரி காட்டிய அந்த அக்கறையை, எங்கள் சொந்தச் செய்திக்கு நாங்கள் காட்டக் கூடாதா?

ஆசிரியர்களாக இருக்கும் என் இளைய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை புதிய வடிவமைப்பைத் திரையிற் காட்டும்போது, நிறத்தைப் பற்றிப் பேசுமுன், ஐந்தாண்டுக்கு முந்திய ஒரு செய்தியின் முகவரியைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அதைப் புதிய தளத்தில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதே செய்தி வந்தால் கையொப்பமிடுங்கள். வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2014 இல் நான் செய்யத் தவறியது இதுதான்.

அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். இன்ன முகவரியில், 2009 இல் இன்ன செய்தியும் அதனோடு ஒரு படமும் இருந்தன என்பதை அப்பத்திரிகையில் அப்போது பணியாற்றியவன் என்ற முறையில் உறுதிப்படுத்துகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதை எந்த விசாரணை ஏற்றுக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. அவர் அதை நாலாக மடித்து, கொப்பித் தாளோடு சேர்த்து, அதே பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

"அப்ப இந்த விலாசம் பிழையில்லைத்தானே தம்பி?" என்று கேட்டார்.

இல்லை அம்மா. விலாசம் சரி. பிழை எங்களுடையது.